கழுத்தில் ஒரு சிவப்பு வட்டம்

சூளை திறக்கிற நாளில் அந்தப் பீங்கான் கூடத்தில் ஒருவரும் நிதானமாக இருப்பதில்லை. அன்றைய பரபரப்புக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. விருத்தாசலம் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்த அந்தச் சிறு நிறுவனம், பிள்ளையாரும் யானையும் ஊறுகாய் ஜாடியும் செய்து விற்றதே தவிர, தன்னிடம் வேலை செய்யும் ஒருவர் மனத்தில் தோன்றிய பொம்மையை ஒருநாளும் விற்றதில்லை. இப்போது விற்கப்போகிறது. வண்ணப் பிரிவில் இருக்கும் அன்புக்கரசி வடிவமைத்த 'பஸ்ஸுக்கு நிற்பவர்கள்' சூளைக்குள் ஆறிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீமுஷ்ணம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் பெண், வராது என்று முடிவுசெய்து மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்ட பெண், குடையை விரித்தபடி போனில் யாரையோ திட்டும் பெண் என்று ஒரு முழு வரிசை. பிற்பகலில் சூளை திறக்கும்; மாலையில் வேன் சென்னைக்குக் கிளம்பும்; மறுநாள் கண்காட்சியில் அன்புக்கரசி மக்கள் முன்னால் உட்கார்ந்து பொம்மைக்கு வண்ணம் தீட்டுவாள். அவளுடைய முகத்தோடு ஒரு பேனர்கூட ஜங்ஷன் ரோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் அவள் வேலைக்கு வந்தாள். பயணப் பை வரவில்லை.

பினிஷிங் பிரிவின் மேற்பார்வையாளர் துர்காதேவி எதையும் இரண்டு முறை பார்ப்பவர். வாசலிலேயே நிறுத்தினார்.

"பை எங்கடி?"

"நான் போவலக்கா."

"ஏன், ஒடம்பு சரியில்லியா?"

அன்புக்கரசி போனை நீட்டினாள். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. முகம் அவளுடையது, அந்தப் பேனரிலிருந்து வெட்டியது. உடல் யாருடையதோ, அல்லது யாருடையதும் இல்லாமல் ஏதோ ஒரு செயலி செய்து கொடுத்தது. உடை இல்லை. அதற்குமேல் அதை விவரிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. படத்தின் கீழே ஒரு வரி: 'வேன்ல ஏறினா இது எல்லாருக்கும் போகும்.'

துர்காதேவி போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் முறை பார்க்கவில்லை.

"மொதல்ல ஒன்னு கேட்டுக்க. நீ ஒரு தப்பும் பண்ணல. எப்ப வந்துது?"

"நேத்து சாயந்தரம்."

"யாருகிட்ட சொன்ன?"

"பெரியநாயகி பெரியம்மாகிட்ட மட்டும். கண்ணாடி இல்லாம தெரியல, பெருசு பண்ணிப் பாக்கறேன்னு அவங்க போனுக்கு அனுப்பச் சொன்னாங்க. வூட்டுல சொல்லல."

"சரி. நீ சொல்லு. போவணுமா, இருக்கணுமா?"

"போவணும்க்கா," என்றாள் அன்புக்கரசி. "ஆனா எப்புடிப் போறது?"

பணியிடப் பாலியல் தொல்லைகளை விசாரிக்கும் உள் புகார்க் குழுவுக்கு அந்த நிறுவனத்தில் துர்காதேவிதான் தலைவர். சட்டம் இருக்கிறது என்பதற்காக அமைக்கப்பட்ட குழு அது. இதுவரை அது கூடிய போதெல்லாம் வருகையில் கையெழுத்திட்டு, பிஸ்கட் தின்று, கலைந்திருந்தது. அன்றுதான் அதற்கு வேலை வந்தது.

குழுவின் வெளி உறுப்பினரான வழக்கறிஞர் சிவகாமசுந்தரி நீதிமன்ற வளாகத்தில் இருந்தார். போனில் விரைவாகவும் தெளிவாகவும் பேசினார். "அந்த மெசேஜ அழிக்காதீங்க. பதில் போடாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. என்னா நடந்துதுன்னு ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க. அது சரியா இருந்துச்சுன்னா மத்த எல்லாம் அது மேல நிக்கும். மதியம் நான் வந்துடறேன்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் சிக்கல் தொடங்கியது.

அலுவலக அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி சக்கரபாணி. இந்தப் பக்கம் துர்காதேவி, அன்புக்கரசி, தொழிலாளர் சார்பில் குழுவில் இருந்த பெரியநாயகி. சக்கரபாணி கெட்டவர் அல்லர். பதற்றம் வந்தால் எதையும் சிறிதாக்கிப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. பேனாவைத் திறந்து, தாளில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"'புகைப்படம் சம்பந்தமான மன வருத்தம்'னு எழுதிடலாமா?"

"மன வருத்தம் டீயில சக்கர கொறஞ்சாலும் வரும் சார்," என்றார் துர்காதேவி.

"அதுக்கில்லம்மா. யாரும் இந்தப் புள்ளைய தொடல. படமும் பொய்யி. பொய்ப் படத்துக்கு என்னாத்த புகாரு?"

"படம் பொய்யி. மெரட்டலு பொய்யா? ராத்திரி பூரா இவ தூங்காதது பொய்யா? பைய எடுக்காம வந்து நிக்கிறாளே, அது பொய்யா?"

"அதான் நானும் சொல்றன். பாதுகாப்பா இங்கயே இருக்கட்டும். கோகுலு வேற ஒருத்தர அழச்சிக்கிட்டுப் போவட்டும்."

கோகுலு என்பது பேக்கிங் பிரிவைக் கவனிக்கும் கோகுலகிருஷ்ணன். கண்காட்சி வேனில் சரக்கோடு எப்போதும் போய்வருபவன் அவன்தான்.

"அப்ப அவன் என்னா கேட்டானோ அத நாமளே செஞ்சி குடுக்கறோம்," என்றார் துர்காதேவி. "ரொம்ப பாதுகாப்பு."

சக்கரபாணி நெற்றியைத் துடைத்தார். "கோவப்படாதீங்க துர்காம்மா. இது வெளில போச்சின்னா ஊரு என்னா பேசும்? ஊர வுடுங்க, நம்ப ஆளுங்களே நம்பிடுவாங்க."

"எவ நம்புவா?" என்று பாய்ந்தாள் பெரியநாயகி. அதுவரை அவள் பேசாமல் இருந்ததே அதிகம். "கழுத்தப் பாத்தாலே தெரியுது சார். மோல்டு கோடு அப்புடியே நிக்குது. நம்ப கூடத்துல இப்புடி ஒரு பீஸு வந்தா, செஞ்சவன அன்னைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவோம்!"

பொம்மை இரண்டு அரை அச்சுகளைச் சேர்த்துப் பிடித்து வார்க்கப்படுவது. சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று எழும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, இல்லாமல் செய்வதுதான் பினிஷிங். போலிப் படத்தில் முகமும் உடலும் சேருமிடத்தில் அதே கோடு சீவப்படாமல் கிடந்தது.

அன்புக்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று மாலைக்குப் பிறகு முதல் சிரிப்பு. "பஞ்சு போட்டுத் தொடைக்கக்கூட இல்ல பெரியம்மா," என்றாள்.

அந்தச் சிரிப்புதான் பெரியநாயகிக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சூளையிலிருந்து எடுக்கும் பொம்மையில் வெடிப்போ கோடோ இருந்தால் அதைப் படமெடுத்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, 'விரிசல்' என்ற வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிடுவார்கள். செய்தவர் பெயர் இருக்காது, திட்டு இருக்காது. எல்லோரும் பார்த்தால் அதே தவறு திரும்ப வராது என்பது கணக்கு. முதலாளி முதல் பேக்கிங் வரை அனைவரும் அந்தக் குழுவில் உண்டு. அடுத்த வார்ப்புக்கு முன் இன்னும் யார் பார்க்கவில்லை என்று சரிபார்ப்பதும் வழக்கத்தில் ஒரு பகுதி. இவ்வளவையும் ஏற்படுத்தியவர் துர்காதேவி.

மேசைக்கு இருபுறமும் விவாதம் தொடர்ந்தது. பெரியநாயகி மடியில் போனை வைத்துக்கொண்டு மும்முரமாக ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

அறையிலிருந்த மற்ற மூன்று போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன.

அன்புக்கரசி தன் போனைப் பார்த்தாள். விரிசல் குழுவில் அந்தப் படம். கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே: 'இது நம்ம பொண்ணு இல்ல. கோட்ட பாருங்க. யாரும் நம்பாதீங்க.'

"பெரியம்மா!"

"இனிமே எவனும் நம்ப மாட்டான்," என்றாள் பெரியநாயகி வெற்றியோடு.

சக்கரபாணி போனைப் பார்த்து, உடனே கண்ணைத் திருப்பி, சுவரிலிருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார். பெரியநாயகியின் முகத்திலிருந்த வெற்றி மெல்ல வடிந்தது.

"என்னாச்சி? நல்லதுக்குத்தான..."

"நல்லதுக்குத்தான் செஞ்ச," என்றார் துர்காதேவி. குரல் உயரவில்லை. "ஆனா அவன் செய்வேன்னு மெரட்டுனான் பாரு, அத நீ செஞ்சிட்ட. அழி. ஒடனே அழி. எல்லாருக்கும் அழி."

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்று கேட்டாள் அன்புக்கரசி. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "பக்கத்துலதான ஒக்காந்திருக்கேன்? ஒரு வார்த்த!"

பெரியநாயகி திரையில் அங்கும் இங்கும் தட்டினாள். அழிக்கும் இடம் கிடைக்கவில்லை. அப்போது அன்புக்கரசியின் போன் மட்டும் தனியாக மீண்டும் ஒலித்தது.

அதே அறிமுகமில்லாத எண். 'குரூப்ல ஏன்டி போட வச்ச? நான் இன்னும் யாருக்கும் அனுப்பலயே.'

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு எழுந்தே விட்டாள்.

"இருங்க பெரியம்மா, அழிக்காதீங்க!"

"என்னாடி சொல்ற?" என்றார் துர்காதேவி.

"அக்கா, இந்த நம்பரு நம்ப குரூப்புல இல்ல. ஆனா குரூப்புல போட்டது இவனுக்குத் தெரிஞ்சிருக்குது. அப்ப நம்ப ஆளுதான். வேற நம்பருல இருந்து எனக்கு அனுப்பறான்."

துர்காதேவிக்குப் புரிந்த வேகம் அவருடைய கண்களில் தெரிந்தது. கூடத்தில் வார்ப்பவர்களுக்கும் சீவுபவர்களுக்கும் கையெல்லாம் களிமண். போன்கள் வாசல் பெட்டியில் கிடக்கும். இந்நேரம் குழுவைத் திறந்து பார்க்கக்கூடியவர்கள் மிகச் சிலர்.

"யாரு பாத்தாங்கன்னு பாக்கணும். அழிச்சிட்டா அது தெரியாமப் போயிடும்," என்றாள் அன்புக்கரசி.

"பாக்கற வரைக்கும் அது அங்கயே கெடக்கும்டி. அதுக்குள்ள வேற யாராவது தொறந்தாங்கன்னா? படம் ஒன்னோடது. நீதான் சொல்லணும். அழிக்கட்டுமா, பாக்கட்டுமா?"

அன்புக்கரசி பெரியநாயகியின் பக்கம் கையை நீட்டினாள்.

"நானே பாக்கறன்."

பெரியநாயகியின் போனை வாங்கி, அந்தச் செய்தியின் மேல் விரலை அழுத்தி, விவரத்தைத் திறந்தாள். வழக்கமாகச் செய்கிற வேலை. கை தானாகவே போனது. 'படித்தவர்கள்' என்ற தலைப்பின் கீழ் துர்காதேவி, அன்புக்கரசி, சக்கரபாணி. மூவரும் அந்த அறையில் இருந்தார்கள். நான்காவதாக ஒரு பெயர். மற்ற எல்லாப் பெயர்களும் 'பெற்றவர்கள்' பட்டியலில், வாசல் பெட்டியில் உறங்கிக்கொண்டிருந்தன.

நான்காவது பெயர் கோகுலகிருஷ்ணன்.

அன்புக்கரசி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். பிறகு எல்லோருக்கும் அழியும்படி அழித்தாள். அதன்பின்தான் உட்கார்ந்தாள்.

"கோகுலா?" என்றார் சக்கரபாணி. "அவன் என்னா கேட்டாலும் 'சரிங்க சார்'ம்பானே."

"அந்த நம்பருக்கு ஒரு ரிங்கு வுடுடி," என்று பெரியநாயகி எழுந்தாள். "எவன் பாக்கெட்டுல அடிக்குதுன்னு பாத்துட்டு, அவன் கழுத்துல நான் ஒரு கோடு போடறேன்."

"ஒக்காரு," என்றார் துர்காதேவி. "ரிங்கு வுட்டா சிம்ம எடுத்து கிளேஸுப் பூச்சுத் தொட்டியில போட்டுட்டுப் போயிடுவான். அப்பறம் தொட்டிய நீதான் அலசணும். இது இப்ப சந்தேகம்தான். தீர்ப்பு இல்ல. அந்த நம்பரு யாரோடதுன்னு போலீஸு கண்டுபிடிக்கட்டும்."

"ஏன் இப்புடிப் பண்ணான் பாவி?"

"ஏன்னு அவன் சொல்லட்டும். என்னா பண்ணான்னு நாம சொல்லுவோம்." சக்கரபாணியின் முன்னிருந்த தாளைத் தட்டிக் காட்டி, அன்புக்கரசியின் பக்கம் திரும்பினார். "வாக்கியத்த நீயே சொல்லு."

அன்புக்கரசி யோசிக்கவில்லை. பெரியநாயகியிடம் கோபத்தில் கேட்டதிலேயே அது பாதி இருந்தது.

"என்னைக் கேக்காம எனக்கு ஒரு ஒடம்பு செஞ்சி, அத வச்சி என்னை மெரட்டி, என் வேலைய வுட்டு என்னைத் தள்ளி வைக்கப் பாக்கறான்."

சக்கரபாணி அந்த வாக்கியத்தை எழுதினார். எழுதி முடித்ததும் அதைப் படித்துப் பார்த்தார். களிமண்ணில் உடம்பு செய்து பிழைக்கும் மனிதர். அந்தச் சொல் அவரை எங்கோ தொட்டிருக்க வேண்டும். முன்னே எழுதியிருந்த 'மன வருத்தம்' என்பதைக் கோடு போட்டு அடித்தார். பேனா முனை தாளைக் கிழித்தது.

"இதுக்குப் பேரு என்னாம்மா?"

"இணையவழிப் பாலியல் கொடும," என்றார் துர்காதேவி. "தொட்டாதான் கொடுமன்னு இல்ல சார். படம் நெசமா இருக்கணும்னும் இல்ல."

அதன்பின் எல்லாம் வேகம் பிடித்தது. துர்காதேவி சைபர் உதவி எண்ணான 1930-க்கு அழைத்தார். மறுமுனையில் பேசிய பெண், இணையக் குற்றங்களுக்கான அரசுத் தளத்தில் எங்கே பதிய வேண்டும் என்று வழிகாட்டினார். அன்புக்கரசி இரண்டு செய்திகளையும் அந்தப் பட்டியலையும் ஏற்றினாள். ஒப்புகை எண் வந்தபோது பெரியநாயகி அதைப் பரீட்சை முடிவு மாதிரி எட்டிப் பார்த்தாள். வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்து சேர்ந்த சிவகாமசுந்தரி, இன்னொரு தளத்தைக் காட்டினார்: படம் போனைவிட்டு வெளியே போகாது, அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டுமே போகும், அதில் சேர்ந்துள்ள தளங்களில் யாராவது அதே படத்தை ஏற்றினால் அடையாளம் கண்டு தடுக்க முடியும். கடலூர் சைபர் கிரைமுக்கு அவரே பேசினார்.

"வூட்டுல நான் வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டார் துர்காதேவி.

"வேணாங்க்கா. நானே சொல்றன்." அன்புக்கரசி வெளியே போய் அம்மாவுக்குப் போன் செய்தாள். வேப்பமரத்தடியில் நடந்துகொண்டே பேசினாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. உதட்டில் மட்டும் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது.

"என்னா சொன்னாங்க?"

"அவன் கையில கட்டி மொளைக்கட்டும்னாங்க. அப்பறம், பைய தம்பிகிட்ட குடுத்து அனுப்பவான்னு கேட்டாங்க."

சாப்பாட்டு வேளையில் துர்காதேவி வாசல் பெட்டியருகே நின்றார். போனை எடுத்த ஒவ்வொருவரிடமும், குழுவில் வந்து அழிக்கப்பட்ட படம் கேலரியில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். "இருந்தா தொறந்து பாக்காம அழிச்சிடுங்க. அன்புகிட்ட போயி 'ஐயோ பாவம்'னு சொல்லாதீங்க. அவளுக்கு வேல இருக்குது." ஒருவர்கூட கேள்வி கேட்கவில்லை. பெரியநாயகி தன் போனிலிருந்ததையும் அழித்து, துர்காதேவியிடம் காட்டி, அன்புக்கரசியின் எதிரில் போய் நின்றாள்.

"புத்தி கெட்டுப் பண்ணிட்டேன்டி."

"ஆமா," என்றாள் அன்புக்கரசி. வண்ணக் குப்பிகளை ஒவ்வொன்றாக மூடினாள். பிறகு, "தூரிகைய கழுவிக் குடுங்க பெரியம்மா, எடுத்து வைக்கணும்," என்றாள். பெரியநாயகி ஓடினாள்.

வேனில் கோகுலகிருஷ்ணன் போகக்கூடாது. ஆனால் காரணமும் தெரியக்கூடாது. இந்தப் பொறுப்பு சக்கரபாணியிடம் விடப்பட்டது. வாழ்நாளில் வரி ஆய்வாளரிடம்கூட நேராகப் பொய் சொல்லத் தெரியாதவர் அவர்.

"கோகுலு, நீ இன்னைக்குப் போவ வேணாம். இங்க... ஜாடி... ஜாடி லோடு ஒன்னு வருது."

"ஜாடி லோடா? எங்கேருந்து சார்?"

"சேத்தியாத்தோப்பு."

சேத்தியாத்தோப்பில் யாரும் ஜாடி செய்வதில்லை என்பது கோகுலகிருஷ்ணனுக்குத் தெரியும். "சரிங்க சார்," என்றான்.

பிற்பகலில் சூளையின் கதவு திறந்தது. வெப்பம் முகத்தில் மோதியது, யாரும் பின்வாங்கவில்லை. தட்டுத் தட்டாக வெளியே வந்தார்கள் பஸ்ஸுக்கு நிற்பவர்கள். எட்டிப் பார்க்கும் பெண்ணின் மூக்குத்தி மின்னியது. மூட்டையின் மேல் இருந்தவளின் சலிப்பு, நெருப்பைக் கடந்தும் அப்படியே இருந்தது. கூடம் முழுவதும் ஒரு கூச்சல் எழுந்தது, சக்கரபாணி கைதட்டினார், சிவகாமசுந்தரி நீதிமன்றத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை மறந்து ஒன்றை விலை கேட்டார்.

குடைக்காரியின் முழங்கையில் மட்டும் மயிரளவு வெடிப்பு. அன்புக்கரசி அவளைத் தனியே எடுத்து வைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். முழங்கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள். விரிசல் குழுவில் ஏற்றினாள். காலையில் 'அழிக்கப்பட்டது' என்று நின்ற வரிக்குக் கீழே குடைக்காரி வந்து நின்றாள். போன் கையில் இருந்தவர்களெல்லாம் கட்டைவிரல் போட்டார்கள். பெரியநாயகி ஐந்தாறு போட்டுவிட்டாள்.

மாலை வெயிலில் வேன் உறுமியது. பை வந்து சேர்ந்திருந்தது. கோகுலகிருஷ்ணன் உட்காரும் இடத்தில் பெரியநாயகி, மடியில் வைக்கோல் பொதிந்த பெட்டியோடு, மகாராணி போல அமர்ந்திருந்தாள். துர்காதேவி சன்னலருகே வந்தார்.

"பெரியநாயகி, போனு எங்க?"

"பைக்குள்ள. அடியில."

"அங்கயே இருக்கட்டும்."

அன்புக்கரசி படியில் காலை வைத்தபோது அவளுடைய போன் அதிர்ந்தது. அதே எண். 'ஏறாதன்னு சொன்னேன்ல.'

அவள் தலையை நிமிர்த்தினாள். பேக்கிங் கொட்டகையின் வாசலில், வராத ஜாடிகளுக்காகக் காத்துக்கொண்டு, கோகுலகிருஷ்ணன் நின்றிருந்தான். ஒரு கை பாக்கெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் அவனையே பார்த்தபடி நின்றாள். முதலில் கண்ணைத் தாழ்த்தியவன் அவன்தான்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து, துர்காதேவிக்கும் சிவகாமசுந்தரிக்கும் மட்டும் அனுப்பினாள். துர்காதேவியின் கையில் போன் ஒலித்தது, அவர் பார்த்தார், தலையை ஒருமுறை அசைத்தார்.

"போயிட்டு வரேன்க்கா," என்று சொல்லிவிட்டு அன்புக்கரசி ஏறினாள்.